ஹாதர்லி வீட்டு முள்கரண்டிகள்

"இன்னைக்கு ஒரு நாளாவது அவளைச் சமையலறையை விட்டு வெளிய வராம இருக்கச் சொல்லு, ஆம்புரோஸ்! நூறு வருஷக் கடை. வர்றவங்க எல்லாம் பெரிய மனுஷங்க. இவ முகத்தைப் பார்த்தா பழசெல்லாம் ஞாபகம் வந்துடும்!"

மாமியார் அகஸ்டா இதைச் சொன்னபோது ஹெஸ்டர் அவருடைய நாற்காலிக்குப் பின்னால்தான் நின்றிருந்தாள். கையில் தேநீர்க் கெண்டி. கெண்டி ஆடவில்லை. எட்டு வருஷமாகக் கேட்டுக் கேட்டுப் பழகிய கை அது.

ஆம்புரோஸ் செய்தித்தாளை இறக்கவில்லை. தாளுக்குப் பின்னாலிருந்து, "அவ வரமாட்டா, அம்மா" என்று மட்டும் சொன்னார். 'அவ'. மனைவியின் பெயரை அவர் கடைசியாக எப்போது சொன்னார் என்று ஹெஸ்டருக்கு நினைவில்லை.

எதிரே ஆம்புரோஸின் தம்பி லயனல் பொரித்த மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தான். இல்லாத முள்ளையும் எடுத்துக்கொண்டிருந்தான். அவன் மனைவி டாஃப்னிதான் பேசினாள். அவள் மாசமாக இருந்தாள். வயிறு மேசையில் இடிக்கும் அளவுக்கு வந்துவிட்டது.

"அக்கா வந்தா நல்லதுதானே, அத்தை? மதிய விருந்துக்கு அந்தக் காலத்து முறைப்படி மேசை போடணும்னு சொல்றீங்க. மீனுக்கு எது, பழத்துக்கு எது, எலும்புக்குள்ள இருக்கிற மஜ்ஜையை எடுக்கிற கரண்டியை எந்தப் பக்கம் வைக்கணும்னு எங்க யாருக்குமே தெரியல. அக்காவுக்குத்தான்..."

"நீ புதுசா வந்தவ. உனக்கு ஒண்ணும் தெரியாது. சாப்பிடு" என்றார் அகஸ்டா.

டாஃப்னி வந்து நான்கு வருஷம் ஆகிறது. ஆனாலும் புதுசு. மேசையில் எல்லோர் கையிலும் ஹாதர்லி வீட்டு வெள்ளி. பாட்டன் காலத்தில் அடித்தது, சிப்பி வடிவம் போட்ட காம்பு, பின்பக்கம் நடக்கும் சிங்கமும் ராணி விக்டோரியாவின் தலையும் முத்திரையாகப் பதிந்தது. ஹெஸ்டரின் இடத்தில் மட்டும் முலாம் பூசிய கரண்டியும் முள்கரண்டியும். முலாம் தேய்ந்து, விளிம்பில் மஞ்சளாகப் பித்தளை பல்லிளித்தது. அதை ஏன் என்று டாஃப்னி வந்த புதிதில் ஒரு தரம் கேட்டாள். "திருடிக்கு வெள்ளி எதுக்கு?" என்று பதில் வந்தது. அதற்குப் பிறகு கேட்கவில்லை.

ஹெஸ்டர் தேநீரை ஊற்றிவிட்டு உள்ளே போனாள்.

*

அவள் ஷெஃபீல்டுக்காரி. அம்மா வெள்ளிப் பட்டறையில் சக்கரத்தில் கரண்டி பிடித்து மெருகு போட்டவள். மார்பிலும் தொடையிலும் பழைய செய்தித்தாளைச் சுற்றிக் கட்டிக்கொண்டு, மூக்குத் துளையெல்லாம் கருப்பு மணலோடு வீடு திரும்பும் பெண்களில் ஒருத்தி. அப்பா அதே பட்டறையில் அச்சு வெட்டினார். ஹெஸ்டரும் சின்ன வயசிலேயே அந்தச் சக்கரத்தில் உட்கார்ந்தவள். சரக்குக்குச் சொல்ல வந்த இடத்தில் ஆம்புரோஸ் ஹெஸ்டரைப் பார்த்தார், பிடித்துப்போயிற்று, கட்டிக்கொண்டு லண்டனுக்கு அழைத்து வந்துவிட்டார். சீமாட்டிகள் குதிரை வண்டியில் வந்து இறங்கிய ஹாதர்லி வெள்ளிக் கடை அது. வாசலில் கண்ணாடி, மேலே தங்க எழுத்தில் பெயர், உள்ளே நீல வெல்வெட் விரித்த பெட்டிகள். மாடியில் குடும்பம்.

"மெருகு போடுறவ மக என் மேசையில உக்காந்து சாப்பிடுறதைப் பாக்கத்தான் நான் உசுரோட இருக்கேன் போல!" வந்த அன்றே அகஸ்டா சொன்ன வாழ்த்து அது.

ஹெஸ்டர் பொறுத்துக்கொண்டாள். பொறுத்துக்கொள்ள ஒரு காரணமும் இருந்தது. கடைக்குட்டி லயனல். ஏழு வயசு, தகப்பன் இல்லாத பிள்ளை. அண்ணி அண்ணி என்று அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டே திரிந்தான். மறு வருஷம் அவனுக்குச் செங்காய்ச்சல் கண்டது. உடம்பெல்லாம் சிவந்து, தொண்டை அடைத்து, நினைவு தப்பிக் கிடந்தான். பெற்ற தாய் அறை வாசலோடு நின்றுகொண்டார். ஒட்டுவாரொட்டி நோய் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஹெஸ்டர்தான் உள்ளே போனாள். அப்போது அவள் வயிற்றில் ஐந்து மாதம்.

"நீ போகக்கூடாது, ஹெஸ்டர்" என்று ஆம்புரோஸ் கெஞ்சினார்.

"அவன் தண்ணி கேட்டா யாருங்க குடுப்பா?"

பிள்ளை பிழைத்தான். காய்ச்சல் அவளைப் பிடித்தது. அவள் எழுந்து உட்கார்ந்தபோது வயிறு காலியாக இருந்தது. அதற்குப் பிறகு அது நிறையவே இல்லை. லயனல்தான் எனக்குப் பிள்ளை என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். யுத்தத்தில் ஆம்புரோஸ் பிரான்சில் சேற்றில் கிடந்த வருஷங்களில் கடையை நடத்தியதும் அவள்தான். வாடிக்கைக்காரர்கள் அவள் கையால் பெட்டியைத் திறந்து காட்டினால்தான் வாங்குவோம் என்றார்கள். கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவியே இது பழசு, இது புதுசு என்று சொல்லுவாள்.

அந்த விரல்தான் பிறகு அவளுக்கே வினையாக முடிந்தது.

லயனல் வளர்ந்து கடைக்கு வந்தான். வாய் சாமர்த்தியம் உண்டு, பொறுமை கிடையாது. ரஷ்பிரிட்ஜ் சீமாட்டி தன் வீட்டுப் பழைய வெள்ளிக்கு ஜோடியாக முள்கரண்டிகள் வேண்டுமென்று கேட்டாள். பழைய கரண்டி எங்கேயும் கிடைக்கும். முள்கரண்டி தட்டில் உரசி உரசிப் பல் தேய்ந்துபோவதால் நல்லதாகக் கிடைப்பது அபூர்வம். "அண்ணனால முடியாததை நான் தேடிக் கொண்டாந்து காட்டுறேன்" என்று எல்லோர் முன்னாலும் சவால் விட்டான் லயனல். கொண்டுவந்தும் காட்டினான். கடை முழுக்கக் கைதட்டியது. அந்த வாரம் ஹெஸ்டர் தங்கை மேபலின் பிரசவத்துக்கு ஊருக்குப் போயிருந்தாள்.

அவள் திரும்பி வந்த சில நாளில் விஷயம் வெடித்தது. அவை முள்கரண்டிகளே இல்லை. பழைய மேசைக்கரண்டிகளின் குழியைத் தட்டித் தட்டையாக்கி, நான்கு பல்லாக வெட்டி, மெருகேற்றிய பொய்க் கரண்டிகள்! காம்பில் இருந்த முத்திரை மட்டும் நிஜம். வெள்ளிக்கு முத்திரை குத்தும் மாளிகையிலிருந்து அதிகாரி வரப்போவதாகச் செய்தி வந்தது. முத்திரை போட்ட வெள்ளியை இப்படி உருமாற்றி விற்றால் சிறை உண்டு.

லயனல் சமையலறைக்கு ஓடிவந்து அவள் காலைக் கட்டிக்கொண்டான்.

"அண்ணி... என்னைக் காப்பாத்துங்க அண்ணி! ஜெயிலுக்குப் போனா செத்துடுவேன்! அண்ணன் என்னைக் கொன்னுடுவாரு... நீங்க ஊர்ல வாங்கி எனக்கு அனுப்பினதாச் சொல்லுங்க. ஊர் பேர் தெரியாத ஏதோ வியாபாரிகிட்ட ஏமாந்துட்டேன்னு சொல்லுங்க. பொம்பளைய ஒண்ணும் செய்யமாட்டாங்க!"

"எழுந்திரு லயனல்..."

"சரின்னு சொல்லுங்க, எழுந்திருக்கிறேன்!"

அவன் நெற்றி அவள் முழங்காலில் சுட்டது. அந்தக் காய்ச்சல் நாளில் சுட்ட அதே நெற்றி என்று அவளுக்குத் தோன்றியது.

"சரி" என்றாள்.

முட்டாள் என்று திட்டுவார்கள், ஒரு மாசம் முகம் திருப்பிக்கொள்வார்கள், பிறகு மறந்துவிடுவார்கள் என்றுதான் அவள் நினைத்தாள். அதிகாரியும் அப்படித்தான் நினைத்தார். கரண்டிகளை உருக்க எடுத்துக்கொண்டு, கண்டித்துவிட்டுப் போய்விட்டார். ஆனால் ஆம்புரோஸுக்குத் தன் மனைவியின் விரல்களைத் தெரியும்.

"ஏமாந்துட்டியா? நீயா? யார்கிட்ட கதை சொல்ற! இருட்டுல குடுத்தாலும் கண்டுபிடிக்கிறவ நீ... தெரிஞ்சே செஞ்சிருக்க! என் தாத்தா பேர் போட்ட கடையில தெரிஞ்சே திருட்டுச் சரக்கை வச்சிருக்க!"

அவள் வாய் திறந்தாள். கதவருகே லயனல் நின்றிருந்தான், முகம் சுண்ணாம்பாக வெளுத்து. அவள் வாயை மூடிக்கொண்டாள்.

"இனிமே கடைப் படியை மிதிக்காத" என்றார் ஆம்புரோஸ்.

மறுநாள் காலை அவளுடைய இடத்தில் முலாம் கரண்டி இருந்தது. லயனல் அதைப் பார்த்தான். குனிந்து முட்டையை உடைத்துச் சாப்பிட்டான்.

*

நூற்றாண்டு விருந்துக்குக் கடையின் நடுவில் நீள மேசை போட்டார்கள். விக்டோரியா ராணி காலத்து வெள்ளி மட்டுமே வைப்பதென்று ஏற்பாடு. லயனல்தான் வீடு வீடாகத் தேடிச் சேர்த்திருந்தான். கரண்டி, கத்தி, முள்கரண்டி எல்லாம் ஒரே வார்ப்பில், ஒன்றுகூடக் குறையாமல். பத்திரிகைக்காரர்கள் படம் பிடித்தார்கள்.

ஹெஸ்டர் மேலே ஆட்டுக்கறியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கீழேயிருந்து சிரிப்புச் சத்தம் படியேறி வந்தது. பிறகு என்னவோ சட்டென்று குறைந்தது. அவள் அதைப் பெரிதாக நினைக்கவில்லை. புதினாச் சாறு அனுப்ப மறந்துவிட்டோமோ என்றுதான் பார்த்தாள்.

நடந்தது இதுதான். விருந்தாளிகளில் முத்திரை மாளிகையின் அதிகாரி பிரூவெட்டும் ஒருவர். நரைத்த மீசை, மெல்லிய குரல். கறித்துண்டைக் குத்த முள்கரண்டியை எடுத்தவர் குத்தவில்லை. திருப்பிப் பார்த்தார். பக்கத்துத் தட்டில் இருந்ததை எடுத்தார். அதையும் திருப்பிப் பார்த்தார். இரண்டையும் மெதுவாக வைத்துவிட்டு, ஆம்புரோஸின் பக்கம் சாய்ந்தார்.

"விருந்தாளிங்க போகட்டும் சார். அப்புறம் பேசுவோம். இந்த மேசையில இருந்து ஒரு முள்கரண்டியும் வெளிய போகக்கூடாது."

ஆம்புரோஸ் அதற்குப் பிறகு எதையும் விழுங்கவில்லை.

சற்று நேரத்தில் சமையலறைக் கதவு திறந்தது. மாமியார்! அந்த அறைக்குள் அவர் காலெடுத்து வைத்தே வருஷங்கள் ஆகியிருந்தன. முகத்தில் ஈயாடவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"ஹெஸ்டர்... கண்ணு..."

அந்த வாயிலிருந்து அந்தச் சொல்லா! ஹெஸ்டர் கையிலிருந்த துணியை மேசைமேல் வைத்தாள்.

"என்ன அத்தை? உடம்புக்கு ஏதாவது..."

"கீழ பெரிய வினை வந்திருக்கு. அந்த மாளிகைக்காரன் கண்டுபிடிச்சுட்டான். கரண்டிகளை... மறுபடியும் அதே மாதிரி..." குரல் உடைந்தது. "பாவிப் பய, புத்தி வரலையே! கடைக்கு நூறு வருஷம், மேசை குறையில்லாம இருக்கணும்னு செஞ்சிருக்கான். அவன் பொண்டாட்டி பிள்ளத்தாச்சி. இந்த நேரத்துல அவனைக் கூட்டிட்டுப் போயிட்டா என்ன ஆகும்? நீ கீழ வந்து ஒரு வார்த்தை சொல்லிடு. நீ சொன்னா நம்புவாங்க."

"நான் என்ன சொல்லணும்?"

"நீதான் செஞ்சேன்னு. உனக்கு ஏற்கனவே பேர் கெட்டுக் கிடக்கு. கரி பிடிச்ச சட்டிதானே! இன்னொரு பக்கமும் கரி பிடிச்சா யாருக்குத் தெரியப்போகுது? அவன் வாழவேண்டியவன்..."

அடுப்பில் குழம்பு கொதித்துப் பொங்கியது. ஹெஸ்டர் அதை இறக்கவில்லை. அவளுக்கு ஏதோ ஒன்று மெல்ல மெல்லப் புரிந்துகொண்டு வந்தது.

"அத்தை... 'மறுபடியும்'னு சொன்னீங்களே. போன தடவை செஞ்சது லயனல்னு உங்களுக்குத் தெரியுமா?"

அகஸ்டா மேசைமேல் கிடந்த துணியை எடுத்து மடிக்கத் தொடங்கினார்.

"சொல்லுங்க அத்தை. எப்போ தெரியும்?"

"அன்னைக்கே. மாடிப்படியில நின்னுட்டிருந்தேன். அவன் உன் காலைப் பிடிச்சு அழுதது, நீ சரின்னு சொன்னது... எல்லாம் கேட்டுச்சு."

"அன்னைக்கேவா! தெரிஞ்சுமா என்னைத் திருடின்னு சொன்னீங்க? தெரிஞ்சுமா தினம் மூணு வேளையும் எனக்கு மட்டும் அந்த முலாம் கரண்டியை எடுத்து வச்சீங்க?"

"வேற என்ன பண்றது? வேலைக்காரங்க பாக்குறாங்க, வர்றவங்க போறவங்க பாக்குறாங்க. உன்னைத் தலையில தூக்கி வச்சுக்கிட்டா, அப்போ செஞ்சது யாருன்னு கேக்கமாட்டாங்களா? நான் ஒரு தாய் ஹெஸ்டர். தாய் பிள்ளைக்காக எதுவும் செய்வா. உனக்குப் புரியாது."

"புரியாதா?" ஹெஸ்டரின் குரல் உயரவில்லை. "நீங்க வாசல்ல நின்னீங்க. நான் உள்ள போனேன். உங்க பிள்ளைக்குத் தண்ணி குடுத்ததுக்கு என் பிள்ளையைக் குடுத்தேன். எனக்கா புரியாது?"

அகஸ்டா நிமிர்ந்து பார்க்கவில்லை. "அப்போ வருவியா மாட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

"வர்றேன்."

ஹெஸ்டர் சமையல் மேலங்கியைக் கழற்றி மடித்து வைத்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டாள். குழம்பைக் கீழே இறக்கி வைத்தாள். எட்டு வருஷமாக மிதிக்காத படியில் இறங்கினாள்.

*

விருந்தாளிகள் போய்விட்டிருந்தார்கள். மேசையில் பாதி தின்ற தட்டுகள். வாசல் திரையை இழுத்துவிட்டிருந்தார்கள். பிரூவெட் முள்கரண்டிகளை ஒரு வெள்ளைத் துணியில் அடுக்கிக்கொண்டிருந்தார். ஆம்புரோஸ் அவர் எதிரே சிலைபோல நின்றிருந்தார். டாஃப்னி ஒரு நாற்காலியில்.

ஹெஸ்டரைப் பார்த்ததும் லயனலின் முகத்தில் உயிர் வந்தது. அந்த ஒரு நொடியை ஹெஸ்டர் பிறகு சாகும்வரை மறக்கவில்லை. பயம் இல்லை, வெட்கம் இல்லை. தாகம் எடுத்தவன் தண்ணீர்ப் பானையைப் பார்ப்பதுபோலப் பார்த்தான்.

"இதோ... அண்ணியே வந்துட்டாங்க!" என்றான் லயனல். "கேளுங்க சார். போன தடவையும் அவங்கதான். வெள்ளி விஷயத்துல அவங்களுக்குத் தெரியாத வேலை கிடையாது. நான் வாங்கி வச்ச சரக்கை மாத்தி வச்சிருக்காங்க... அண்ணே, நீயே சொல்லு!"

ஆம்புரோஸ் மனைவியைப் பார்த்தார். "நீயா?" என்றார்.

அந்த ஒற்றைச் சொல் அவளைக் குத்தியதுபோல மாமியார் சொன்ன எதுவும் குத்தவில்லை.

"அதிகாரி ஐயா" என்றாள் ஹெஸ்டர், பிரூவெட்டைப் பார்த்து. "எட்டு வருஷமா நான் இந்தக் கடைக்குள்ள காலடி வச்சதில்ல. இது என் வேலை இல்ல. அன்னைக்கும் அது என் வேலை இல்ல. அன்னைக்குப் பொய் சொன்னேன். யாருக்காகச் சொன்னேனோ, அவனே தன் வாயால சொல்லட்டும். லயனல்! சொல்லு."

"அண்ணி பொய் சொல்றாங்க!"

"என் கண்ணைப் பார்த்துச் சொல்லு."

"பொய்! பொய்!" அவன் சுற்றுமுற்றும் பார்த்தான். கடைசியில் டாஃப்னியின் வயிற்றில் பார்வை நின்றது. "பொறக்கப்போற என் குழந்தை மேல சத்தியமாச் சொல்றேன். எனக்கு ஒண்ணும் தெரியாது!"

"லயனல்!"

டாஃப்னி எழுந்தே விட்டாள். இரண்டு கையாலும் வயிற்றை மூடிக்கொண்டாள்.

"என் பிள்ளை மேலயா பொய்ச் சத்தியம் பண்ற? வேற யார் தலையும் கிடைக்கலையா உனக்கு? கிளார்க்கன்வெல் பட்டறை ஆளு ஒருத்தன் பின்வாசல்ல வந்து பையை வாங்கிட்டுப் போகல? பை கிழிஞ்சு மேசைக்கரண்டியெல்லாம் சிதறினப்போ நானும் சேர்ந்து பொறுக்கித் தரல? எதுக்குன்னு கேட்டதுக்கு மெருகு போடன்னு சொன்ன! அதுவே முள்கரண்டியாத் திரும்பி வந்துச்சு. நான் மக்கு மாதிரி துடைச்சு அடுக்கி வச்சேன்!" அவள் ஹெஸ்டரிடம் திரும்பினாள். "அக்கா... எனக்குப் புரியல அக்கா. இப்போதான் புரியுது. இந்த வீட்டுல நீங்க அந்த முலாம் கரண்டியில தின்ன சோறெல்லாம்... ஐயோ!"

லயனல் உட்கார்ந்துவிட்டான். முதலில் சிரிப்பதுபோல வாய் கோணியது. பிறகு அழுதான். அழுகையோடு அழுகையாக எல்லாவற்றையும் கொட்டினான். சீமாட்டியிடம் விட்ட சவால், சமையலறையில் பிடித்த கால், அம்மாவுக்குத் தெரிந்தும் மூடி வைத்தது, எல்லாம். படியில் நின்றிருந்த அகஸ்டா, "வாயை மூடுடா!" என்று கத்தினார். யாரும் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை.

லயனல் தவழ்ந்து வந்து ஹெஸ்டரின் பாவாடையைப் பிடித்தான். "அம்மா... என்னை விட்டுடாதீங்கம்மா..."

அவள் குனிந்தாள். அவன் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தாள், வலிக்காமல்.

"விட்டுட்டேன்பா" என்றாள்.

பிரூவெட் தொப்பியை எடுத்துக்கொண்டார். "அம்மா, போன தடவை வந்த அதிகாரியும் நான்தான். உங்க கையில மெருகுத் தழும்பு இருந்ததைப் பார்த்தேன். வேலை தெரிஞ்ச கை ஏமாறாதேன்னு அப்பவே இன்னும் நாலு கேள்வி கேட்டிருக்கணும்" என்று சொல்லிவிட்டு, லயனலின் தோளைத் தொட்டார். இருவரும் வெளியே போனார்கள்.

அகஸ்டா படியேறிப் போனார், டாஃப்னியும் தன் அறைக்குப் போனாள். கடையில் கணவனும் மனைவியும் மிஞ்சினார்கள்.

"ஹெஸ்டர்" என்றார் ஆம்புரோஸ். எத்தனையோ காலத்துக்குப் பிறகு அந்தப் பெயர்! "ஏன் எங்கிட்டயாவது சொல்லல? நான் உன் புருஷன் இல்லையா?"

"நீங்க கேக்கவே இல்லையே! 'தெரிஞ்சே செஞ்சிருக்க'ன்னு நீங்களே சொல்லி, நீங்களே தீர்ப்பும் எழுதிட்டீங்க. இன்னைக்கும் 'நீயா'ன்னுதானே கேட்டீங்க? கடைப்படி மிதிக்க விடாம பூட்டி வச்சவளைப் பார்த்து எப்படிங்க அந்த வார்த்தை வந்துச்சு? என் விரலைத் தெரிஞ்ச அளவுக்கு என் மனசு உங்களுக்குத் தெரியல."

அவர் மண்டியிட்டார். கண்ணீர் மீசையில் இறங்கியது. "அடி என்னை! திட்டு! ஆனா போயிடாத ஹெஸ்டர்!"

அவள் அடிக்கவில்லை, திட்டவில்லை. அழக்கூட இல்லை. மேலே போய் ஒரு சிறு பெட்டியில் தன் துணிகளை வைத்துக்கொண்டாள். டாஃப்னியும் ஒரு பெட்டியோடு வந்து நின்றாள். அவளை வண்டி வைத்து அவள் அப்பா வீட்டில் இறக்கிவிட்டு, அப்படியே ரயில் நிலையம் போய்ச் சேர்ந்தாள்.

*

ஷெஃபீல்டில் மேபலின் வீட்டுக்குப் பக்கத்திலேயே ஒரு சின்ன வீடு கிடைத்தது. பட்டறைக்காரர்களுக்கு அவள் அப்பாவை இன்னும் நினைவிருந்தது. சரக்குக் காட்டும் அறையில் அவளை வைத்துக்கொண்டார்கள். லயனலுக்குச் சிறை விழுந்த சேதி பேப்பரில் வந்தது. டாஃப்னிக்குப் பெண் குழந்தை பிறந்த சேதியை மேபல் யாரிடமோ கேட்டு வந்து சொன்னாள். ஹெஸ்டர் இரண்டையும் கேட்டுக்கொண்டாள். இரண்டாவது சேதிக்கு ஒரு சின்ன கம்பளிச் சட்டை பின்னி அனுப்பினாள்.

இலையுதிர்காலம் முடிகிற சமயம், ஒரு மதியம், நல்ல மழை. கதவு தட்டும் சத்தம். திறந்தால் ஆம்புரோஸ். தொப்பியிலிருந்து தண்ணீர் ஒழுகியது. ஆள் பாதியாகியிருந்தார்.

"உள்ள வாங்க" என்றாள்.

அடுப்பருகே உட்காரவைத்தாள். தேநீரும் ரொட்டியும் கொடுத்தாள். அவர் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பேசினார்.

"கடையை மூடிட்டேன். லயனல் வித்த பொய்ச் சரக்கு எங்கெங்க போச்சோ, வீடு வீடாப் போய்த் திருப்பி வாங்கினேன். ரஷ்பிரிட்ஜ் சீமாட்டி வீட்டுக்கும் போனேன். அன்னைக்கு என் மனைவி குத்தவாளி இல்லைன்னு அவங்க முகத்துக்கு நேரா சொன்னேன். எல்லா வாடிக்கைக்காரங்ககிட்டயும் சொன்னேன்."

"சரி."

"அம்மாவுக்கு நெஞ்சு வலி. படுக்கையில இருக்காங்க. உன்னைப் பாக்கணும்னு சொல்றாங்க. மன்னிப்புக் கேக்கணுமாம்."

"கேக்கணும்னா அங்கிருந்தே கேக்கட்டும். நான் வரமாட்டேன்."

ஆம்புரோஸ் தலையாட்டினார். அந்தப் பதிலை எதிர்பார்த்தே வந்தவர்போல இருந்தார். மழை கண்ணாடியில் அடித்தது.

"நான்... நான் உன்கூட இங்கயே இருந்துடலாமா ஹெஸ்டர்? எந்த வேலை குடுத்தாலும் செய்வேன். இனிமே உன்னை விட்டா எனக்கு யாரும் இல்ல."

"எனக்கு எட்டு வருஷமா யாரும் இல்ல" என்றாள் அவள். கோபமாகச் சொல்லவில்லை. "ஒரே வீட்டுல, ஒரே மேசையில உக்காந்துக்கிட்டு யாரும் இல்லாம இருந்தேன். அது எப்படி இருக்கும்னு உங்களுக்கு இப்போதான் ஆரம்பிச்சிருக்கு."

"என்னை மன்னிக்கவே மாட்டியா?"

ஹெஸ்டர் அடுப்பில் இன்னும் இரண்டு கரித்துண்டு போட்டாள். இளவயசில், பட்டறை வாசலில், மழையில் நனைந்துகொண்டு தன்னோடு பேச நின்ற ஒரு மனிதன் அவளுக்கு நினைவுக்கு வந்தான். அவனை அவள் வெறுக்கவில்லை. இந்த மனிதனை என்ன செய்வதென்றுதான் தெரியவில்லை.

"தெரியலங்க" என்றாள் கடைசியில். "இப்போ கேட்டா இல்லன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்லி ஒரு தடவை பட்டது போதும். இந்தத் தெரு முனையில மிஸஸ் கிராப்ட்ரீன்னு ஒரு விதவை, மாடி அறை வாடகைக்கு விடுறாங்க. சுத்தமான இடம். அங்க இருங்க. ஞாயித்துக்கிழமை கோயில் முடிஞ்சு இங்க சாப்பிட வாங்க."

ஆம்புரோஸ் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் கையைத் தொட நீட்டியவர், பாதியில் நிறுத்திக்கொண்டார். ஹெஸ்டர் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு தானே எட்டி அதை ஒரு கணம் பிடித்தாள். குளிர்ந்து விறைத்திருந்தது. விட்டுவிட்டாள்.

அவர் போனபின் ஜன்னலருகே வந்து நின்றாள். மேட்டுத் தெருவில் மழையோடு மழையாக அவர் ஏறிக்கொண்டிருந்தார். ஒவ்வொரு கதவு இலக்கத்தையும் குனிந்து பார்த்துப் பார்த்து, வழி தெரியாத ஊரில் தடுமாறும் ஒரு வயசான மனிதன். மிஸஸ் கிராப்ட்ரீயின் கதவு திறந்து, அவரை உள்ளே வாங்கிக்கொண்டு, மூடியது.

அதற்குப் பிறகுதான் ஹெஸ்டர் அழுதாள். லண்டனில் ஒரு நாளும் வராத அழுகை, உட்காரக்கூட விடாமல் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு, நின்றபடியே அழுதாள். மேபல் சத்தம் கேட்டு ஓடிவந்து, என்ன ஏது என்று கேட்காமல், அக்காவை இறுகக் கட்டிக்கொண்டாள்.